கைமேசைக்கு வந்த பை

அந்தச் சலவை ஆலையில் ஒரு பை எப்படிப் பயணம் செய்யும் என்று தெரிந்துகொண்டால்தான், யார் மேல் என்ன பழி விழுந்தது, அது எப்படி விலகியது என்பதெல்லாம் விளங்கும். ஆகவே முதலில் பையைப் பார்த்துவிடலாம். பொறுமையாகவே பார்க்கலாம்; பையும் ஒன்றும் தலைதெறிக்க ஓடாது.

ஓட்டல், விடுதி, ஆஸ்பத்திரி என்று பல இடங்களிலிருந்து அழுக்குத் துணி வேனில் வந்து இறங்கும். லிஃப்ட் அதை மாடிக்குக் கொண்டுபோகும். மாடியில் பிரிக்கும் அறை. விரிப்பு தனி, துண்டு தனி, தலையணை உறை தனி என்று பிரித்துப் பெரிய பைகளில் போட்டு, பையின் கழுத்தில் உள்ள கொக்கியைக் கூரையடியில் ஓடும் தண்டவாளத்தில் மாட்டிவிடுவார்கள். கொக்கியின் தலையில் ஒரு சின்னச் சக்கரம். தண்டவாளம் லேசான சரிவு. மாட்டிய பை தன் பாரத்திலேயே உருண்டு, சுவரிலுள்ள திறப்பு வழியாக வெளியேறி, கீழ்த்தளத்துக்கு ஆடி அசைந்து இறங்கிவரும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. பூமி இழுக்கிறது, பை வருகிறது, அவ்வளவுதான்.

வந்த பை துவைக்கும் இயந்திரங்களின் தலைக்கு மேலே போய் வரிசையில் நிற்கும். இயந்திரம் வாய் திறந்ததும் ஒரு கயிற்றை இழுத்தால் பையின் அடிப்பக்கம் பிரிந்து, இருப்பது மொத்தமும் வாய்க்குள் விழும். நடுவில் ஒரு மனிதக் கை படாது. அந்த ஏற்பாட்டின் அழகும் அதுதான், பயங்கரமும் அதுதான்.

ஆனால் துணியோடு துணியாக வேறு சாமான்களும் வந்து தொலைக்கும். ஊசி வரும், உடைந்த கண்ணாடி வரும், யாரோ கழற்றி வைத்த கைக்கடிகாரம் வரும். ஒருமுறை தலையணை உறைக்குள் ஒரு பல்செட் வந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. அப்படிச் சந்தேகம் தட்டிய பையின் கழுத்தில், பிரிக்கிறவர்கள் ஒரு சிவப்புப் பட்டியைக் கட்டிவிடுவார்கள். கிழிந்த துண்டின் கரைதான் பட்டி. சரிவின் நடுவில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. அங்கே உயரமான முக்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரே சிக்னல் என்றாகிவிட்டது. சிவப்பைக் கண்டால் சங்கிலியை இழுப்பார். பை தடம் மாறிக் கைமேசைக்கு வரும். கைமேசையில் இருப்பவர் பட்டியை அவிழ்த்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, பையைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பார்ப்பார். டப்பா நிறைந்ததும் பட்டிகள் மறுபடி மாடிக்குப் போகும்.

கைமேசையில் நிற்பவளை ஆலை முழுக்க ‘அண்ணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட எவ்வளவோ மூத்த சிக்னல்கூட அப்படித்தான். காரணம் எறும்பு. எறும்பு அவளுடைய நாத்தனார், மாடியில் பிரிக்கும் வேலை. தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து “அண்ணி, அண்ணி” என்று அவள் போட்ட கூச்சலில் அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நாளாக அந்தக் கூச்சல் குறைந்திருந்தது. எறும்பு ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். பெரிய அளவு வேலைக் கோட்டுக்கு மாறியிருந்தாள்.

“என்னடி எறும்பு, சர்க்கரை மூட்டைக்குள்ளயே குடித்தனம் வச்சுட்டியா?” என்று அண்ணி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேலி செய்தாள்.

எறும்பும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அண்ணி எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அண்ணி அதைக் கவனித்தாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மதிய வேளை. எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டும். கைமேசைக்கு ஒரு பை வந்து நின்றது. அண்ணி பட்டியை அவிழ்த்தாள், டப்பாவில் போட்டாள், பையின் வாயை அகட்டிக் கையை விட்டாள்.

கதகதப்பாக இருந்தது.

அழுக்குத் துணி ஒருநாளும் கதகதப்பாக இருக்காது. குளிர்ந்து, ஈரமாக, நாற்றமாகத்தான் இருக்கும். இது மாடி மூலையில் இருக்கும் உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த சலவைத் துண்டு. யாரோ தப்பான பையில் போட்டுவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே விலக்கினாள். அடுத்த துண்டுக்குள் ஒரு சின்ன முஷ்டி இருந்தது. அதற்கு மேலே ஒரு முகம். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அண்ணி குனிந்து காதை வைத்தாள். அப்போதுதான், இயந்திர இரைச்சலுக்கு அடியில், ஊசிமுனை போல ஒரு அழுகை கேட்டது. பெண் குழந்தை. தொப்புள்கொடி வெட்டப்பட்டு, அதன் நுனியைப் பைகளுக்கு எண் அட்டை மாட்டும் க்ளிப் இறுக்கிப் பிடித்திருந்தது.

க்ளிப்பைப் பார்த்ததும் அண்ணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் க்ளிப் மாடியில்தான் உண்டு. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டே படியேறி ஓடினாள்.

பிரிக்கும் அறையில் மற்றவர்கள் வேனிலிருந்து துணி இறக்கப் போயிருந்தார்கள். தண்டவாளத்தின் தொடக்கத்தில், சுவரோரம், எறும்பு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஏகப்பட்ட விரிப்புகள், எல்லாம் ரத்தம். முகம் வெளுத்துக் கிடந்தது.

“வந்து சேந்துச்சா அண்ணி?” என்றாள். அதோடு கண் செருகிவிட்டது.

*

ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்துவிட்டார்கள். தாய் இரண்டாம் மாடி, பிள்ளை நான்காம் மாடி. தாயின் வார்டு வாசலில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசாரணை முடியும்வரை குழந்தையைத் தாயிடம் தரக்கூடாது என்று உத்தரவு.

முதல் நாளே விசாரணை அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண்மணி. கேட்பதைத் தணிந்த குரலில் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார்.

“குழந்தை எப்படிக் கிடைச்சுது?”

“பை வந்துச்சு. திறந்தேன். உள்ள இருந்துச்சு” என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கோட்டில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

அதற்குப் பிறகு அதிகாரி ஆலைக்குப் போய் மேலாளரைக் கேட்டார். மேலாளருக்கு ஆலையில் கஞ்சி என்று பெயர். சட்டையும் விறைப்பு, ஆளும் விறைப்பு. சம்பவத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடாது என்ற ஒரே கவலையில் அவர் சுருக்கமாகச் சொன்னார்: “தண்டவாளத்துல போற பை மெஷினுக்குப் போகும் மேடம். அதுக்குத்தான் தண்டவாளம்.” சிக்னலைக் கேட்டார்கள். போலீஸைக் கண்டதும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “நான் எதையும் பாக்கலீங்க” என்றார்.

இந்த மூன்று பேச்சையும் சேர்த்து வைத்தால் என்ன கதை வரும் என்று, இரண்டு நாள் கழித்து அதிகாரியே அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஒரு பொண்ணு வயித்துல இருக்கறத யார்கிட்டயும் சொல்லல. ஆள் இல்லாத நேரமாப் பாத்துத் தனியா பெத்துக்கிட்டா. அந்தக் குழந்தையப் பையில போட்டு, துவைக்கிற மெஷினுக்குப் போற தண்டவாளத்துல மாட்டி விட்டா. நீங்க நடுவுல புகுந்து இறக்கிட்டீங்க. இத நான் என்னன்னு எழுதறது, நீங்களே சொல்லுங்க.”

“ஐயோ மேடம்! நான் எங்க புகுந்தேன்? அது மெஷினுக்கு மாட்டினதே இல்ல. எனக்கு அனுப்பினது. சிவப்புப் பட்டி கட்டியிருந்துச்சே!”

“என்ன பட்டி?”

அண்ணி விளக்கினாள். அதிகாரி முதல் நாள் எழுதியதைத் திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கு இத நீங்க சொல்லலியே.”

“அதையெல்லாமா சொல்லுவாங்க? என் மேசைக்குப் பை வந்தா பட்டியோடதான் வரும்!”

உண்மைதான். வீட்டுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் ‘பஸ்ஸில் வந்தேன்’ என்போம். கதவைத் திறந்தேன், நிலைப்படியைத் தாண்டினேன் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. அண்ணிக்குப் பட்டி என்பது அந்த நிலைப்படி மாதிரி. பார்த்துப் பார்த்துக் கண்ணிலிருந்தே மறைந்துபோன சாமான். ஆனால் சொல்லாமல் விட்டதும் ஒரு வாக்குமூலம்தான்.

“இப்ப எங்க அந்தப் பட்டி?”

“டப்பாவுல போட்டேன்.”

“டப்பா எங்க?”

“மாடிக்குப் போயிடுச்சு. அன்னிக்கே அத வேற பைக்குக் கட்டியிருப்பாங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது.

“கொடிக்கு க்ளிப் போட்டிருக்கா மேடம்! கொல்ல நினைக்கறவ க்ளிப் போடுவாளா?”

“போட்டிருக்கா. டாக்டர் சொன்னாங்க, எழுதியிருக்கேன். ஆனா முதல் நிமிஷம் பாசத்துல ஒண்ணு பண்ணிட்டு, அடுத்த நிமிஷம் பயத்துல வேற ஒண்ணு பண்ணினவங்களையும் நான் பாத்திருக்கேம்மா. உங்க நாத்தனாரும் ‘அண்ணிக்குத்தான் அனுப்பினேன்’னு அழறா. நீங்களும் அதையே சொல்றீங்க. ஒரே வீடு, ஒரே பேச்சு. வெளி ஆள் ஒருத்தர் சொல்லணும், இல்ல ஒரு பொருள் சொல்லணும்.” பேனாவை மறுபடி எடுத்தார். “அவ கர்ப்பம்னு உங்களுக்குத் தெரியுமா?”

இந்தக் கேள்வி வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். தெரியும் என்றால் மறைக்க நீயும் உடந்தை என்பார்கள், தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள் என்று. அண்ணி வாயைத் திறந்தாள். ஒரே வார்த்தையில் முடியவில்லை.

“தெரியாது மேடம். ஆனா கண்ணு இருந்துச்சு. குண்டாயிட்டேன்னு கேலி பண்ணினேன். என்னடி ஆச்சுன்னு கேக்கல.”

அதிகாரி அதை எழுதவில்லை. வெறுமனே தலையாட்டினார்.

*

எறும்பைப் பார்க்க அண்ணிக்குக் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். காவலர் வாசலில் நின்று கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாருடி?”

“ஓட்டல் வேன் ஓட்டிட்டு வந்தானே, அவன்தான். வேற ஊருக்கு மாத்தல்னு போனான். நம்பரே இல்லைங்குது.”

“அவன் கிடக்கறான். எங்கிட்ட ஏன் சொல்லல?”

எறும்பு போர்வையின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். “சொன்னா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு அண்ணி. இன்னும் நாள் இருக்கு, அண்ணன் ஊருக்கு வரட்டும், சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னு... அன்னிக்குக் காலையில இடுப்பு வலிச்சுது, மூட்டை தூக்கினதுன்னு நினைச்சேன். அப்புறம் எல்லாம் வேகமா ஆயிடுச்சு. மணிய அமுக்கினேன். அது அடிக்கல.”

மாடியில் ஆபத்துக்கு அழைக்க ஒரு மணி உண்டு. அது பழுதாகி மாதக்கணக்காகிறது. ஃபோனை வேலை நேரத்தில் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டும் என்பது கஞ்சியின் சட்டம். கத்தினால் கேட்காது. படியிறங்கக் கால் இல்லை.

“பால் சுரக்குது அண்ணி. எடுத்து மேல கொடுத்தனுப்பறாங்க. அவளை மட்டும் இங்க கொண்டு வர மாட்டேங்கறாங்க” என்றாள் எறும்பு. “எப்படி இருக்கா? நான் சரியாப் பாக்கவே இல்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.”

“உன்ன மாதிரியேதான். இத்துனூண்டு இருந்துக்கிட்டு ஊரைத் தூக்கற மாதிரி முறைக்குது” என்று சொல்லிவிட்டு, அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை அண்ணியின் கணவர், எறும்பின் அண்ணன், வந்து சேர்ந்தார். நெடுந்தூர லாரி ஓட்டுநர்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். செய்தி கேட்டு எங்கோ லாரியை ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருந்தார். வந்ததும் குதித்தார்.

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உனக்குத் தெரியலையா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவ?”

“எங்க சொல்லுவா? நீங்க வீட்டுல உக்காந்த நேரத்தைவிட டோல்கேட்ல நின்ன நேரம்தான் ஜாஸ்தி” என்றாள் அண்ணி. “வந்தா தூங்குவீங்க, எழுந்தா கத்துவீங்க. நடுவுல எந்த இடைவெளியில வந்து சொல்லுவா? நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. கத்தறதுன்னா ரெண்டு பேரும் சேந்து நம்மளையே கத்திக்கலாம், வாங்க.”

அவர் கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் நான்காம் மாடிக் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நகம்கூட இருக்கு” என்றார் கடைசியில்.

*

அடுத்த நாள் அண்ணி வேலைக்குப் போனாள். போகாவிட்டால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பை வந்தது, பட்டியை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள். அடுத்த பை வந்தது. பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்தப் பாழாய்ப்போன துணித்துண்டை அன்றைக்கு மட்டும் டப்பாவில் போடாமல் இருந்திருந்தால்!

தலை நிமிர்ந்து தண்டவாளத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக நின்ற இடம்தான், ஆனால் நின்று பார்த்ததில்லை. மாடியிலிருந்து பை இறங்குகிறது. பிரிவு வருகிறது. சிக்னல் சங்கிலியை இழுக்கிறார், தடத்தின் ஒரு துண்டு நகர்ந்து இந்தப் பக்கம் ஒட்டுகிறது, பை இங்கே வருகிறது. அவர் சங்கிலியை விட்டதும் ஒரு பெரிய ஸ்பிரிங் அந்தத் துண்டை மறுபடி இயந்திரப் பக்கமே இழுத்துக்கொள்கிறது. அடுத்த பைக்குப் பட்டி இல்லை. அது நேராக இயந்திரத்துக்குப் போகிறது.

நேராக இயந்திரத்துக்கு. யாரும் எதுவும் செய்யாவிட்டால் எல்லாப் பையும் அங்கேதான் போகும்.

அப்படியானால் அன்றைக்கு அந்தப் பை ஏன் என் மேசைக்கு வந்தது?

அண்ணி பையை அம்போவென்று விட்டுவிட்டுச் சிக்னலிடம் ஓடினாள். முக்காலியில் இருந்தவரின் காதில் கத்தினாள். “அண்ணே! அன்னிக்குக் குழந்தை வந்த பைக்கு நீங்கதானே சங்கிலி இழுத்தீங்க?”

“ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. நான் எதையும் பாக்கலன்னு போலீஸ்லயே சொல்லிட்டேன்.”

“பாக்காம எப்படி இழுத்தீங்க?”

“நான் எங்க பாக்கறேன்? கைதான் பாக்குது. சிவப்பு வந்தா இழுக்குது, வராட்டி சும்மா கிடக்குது.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தானாக எழுந்து சங்கிலியை இழுத்தது. தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டிப் பை தடம் மாறிப் போனது. அவர் முகம் அண்ணியைப் பார்த்தபடியேதான் இருந்தது.

அண்ணி அன்று சாயங்காலமே அதிகாரியிடம் போனாள். “மேடம், பொருள் சொல்லணும்னீங்கல்ல? பட்டி இல்ல, நான் தொலைச்சுட்டேன். ஆனா தண்டவாளம் அங்கேயேதான் இருக்கு. ஒரு தடவை வந்து நின்னு பாருங்க.”

*

அதிகாரி வந்தார். வந்த விதமே வேறு. குற்றம் நடந்த இடத்தைப் பார்க்க வந்தவர் போல இல்லை, பிரித்துப்போட்ட கடிகாரத்தைப் பார்க்கும் பிள்ளை போல இருந்தார். ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். சங்கிலியைத் தானே இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். “விட்டா தானா அந்தப் பக்கம் போயிடுது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கூட வந்த காவலரை மாடிக்கு அனுப்பி, எந்தப் பைக்குப் பட்டி கட்டுவது, எதற்குக் கட்டாமல் விடுவது என்று அவர் இஷ்டப்படியே செய்யச் சொன்னார். அண்ணியைத் தன் பக்கத்திலேயே, சிக்னலுக்கு முதுகு காட்டி நிறுத்திவைத்தார். கண்ஜாடை காட்டிவிடக் கூடாதல்லவா.

“சோதனைன்னு சொன்னா இவர் உஷாராயிடுவார்” என்று அண்ணியின் காதில் சொல்லிவிட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று சிக்னலிடம் குரலை உயர்த்திப் பேச்சுக் கொடுத்தார். “பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மருமகன் என்ன பண்றார்?”

அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும். சிக்னலுக்குப் போலீஸ் பயமெல்லாம் பறந்துவிட்டது. “அத ஏன் கேக்கறீங்க மேடம்! கல்யாணத்துக்கு முன்னால சொந்த வியாபாரம்னாங்க...” பட்டி இல்லாத பை ஒன்று போனது, கை சும்மா கிடந்தது. “...வியாபாரம்னா என்ன வியாபாரம்னு கேக்கத் தோணல பாருங்க எனக்கு...” சிவப்புப் பட்டி வந்தது, கை இழுத்தது. “...இப்ப மத்தியானம் வரைக்கும் தூக்கம். என் பொண்ணு எழுப்பினா, சிந்திச்சுக்கிட்டிருக்கேங்கறாராம்!” பட்டி இல்லாதது, இல்லாதது, சிவப்பு. கை ஒருமுறையும் தவறவில்லை. அண்ணி மட்டும் ஒவ்வொரு பையையும் கண்ணால் தொடர்ந்தாள். ஒரே ஒரு தடவை அந்தக் கை ஏமாந்தால் போதும், எறும்பின் கதி அதோகதி.

காவலர் விஷமக்காரர். ஒரு பையில் பட்டியை மறுபக்கமாகத் திருப்பி, கண்ணில் படாத மாதிரி கட்டி அனுப்பினார். பை அசைந்து வந்தது. சிக்னல் மருமகனுடைய சிந்தனையில் இருந்தார். கை எழவில்லை. அண்ணியின் தலைக்கு மேல் அந்தப் பை இயந்திரத்தை நோக்கிப் போய்விட்டது.

அண்ணி அதன் பின்னாலேயே இரண்டடி ஓடினாள். ஆனால் அதிகாரியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“பாத்தீங்களா? சிவப்பு தெரியலன்னா அவர் இழுக்கறதே இல்ல. அப்ப அன்னிக்குச் சிவப்பு தெரிஞ்சிருக்கு. நல்லா எதிர்ல தெரியற மாதிரி கட்டியிருக்கா.” சிக்னல் பக்கம் திரும்பினார். “நீங்க எதையும் பாக்கலன்னு சொன்னீங்களே ஐயா, அதுவே போதும். குழந்தை இருக்கறதப் பாத்து இழுக்கல. பட்டி இருந்ததால இழுத்தீங்க.”

சிக்னலுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. “அப்ப நான் ஏதாச்சும் தப்புப் பண்ணினேனா மேடம்?”

“இல்ல. உங்க கை சாட்சி சொல்லுது.”

“நல்ல கைதான்” என்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி மாடிக்கும் போனார். அழைப்பு மணியை அமுக்கினார். அடிக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கிவிட்டு, பின்னாலேயே கைகட்டி வந்த கஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இப்படி?”

“சொல்லியிருக்கேன் மேடம், ஆள் வரணும்...”

“இந்த மணி அடிச்சிருந்தா அந்தப் பொண்ணு தண்டவாளத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதே இல்ல. யார் யாருக்கு என்ன பொறுப்புன்னு கேக்க ஆரம்பிச்சா, கேள்வி அவகிட்டயே நிக்காது. நீங்களும் ஒருநாள் வந்து உக்காந்து பேச வேண்டியிருக்கும்.”

கஞ்சியின் விறைப்பு நனைந்த சட்டை போலத் தொங்கிவிட்டது.

*

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் சேர்ந்தே போனார்கள். அதிகாரி எறும்பின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணியும் அவள் கணவரும் கால்மாட்டில் நின்றார்கள்.

“உன் அண்ணி ஒரு தண்டவாளத்தையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க” என்றார் அதிகாரி. “இன்னும் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. இன்னிக்கு ஒரு பைய அந்தப் பெரியவர் தவறவிட்டாரு. அன்னிக்கும் தவறவிட்டிருந்தா? அத நீ யோசிச்சியா?”

இதற்குப் பதில் அண்ணிக்கே தெரியாது.

எறும்பு அவரை நேராகப் பார்த்தாள். “யோசிச்சேன் மேடம். அதான் காத்துக்கிட்டிருந்தேன்.”

“எதுக்கு?”

“மெஷினுக்கு. சுவத்துத் திறப்பு வழியா முதல் மெஷின் சுத்தி முடிக்கற சத்தம் கேட்டுச்சு. அது நின்னா வாயத் திறப்பாங்க. அதனால பையக் கையிலயே வச்சுக்கிட்டிருந்தேன். காலி பண்ணி, அடுத்த துணி போட்டு, மூடி, தண்ணி பிடிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் மாட்டினேன். தண்ணி பிடிக்க ஆரம்பிச்சிட்டா ரொம்ப நேரம் கதவு திறக்காது. சிக்னல் அண்ணன் தவற விட்டாலும் பை மேலயே தொங்கிக்கிட்டு நிக்கும். பட்டி கட்டின பை மெஷின் மேல நின்னா கீழ இருக்கற யாராவது பாத்துக் கத்துவாங்க. வேற வழி எதுவும் தெரியல மேடம். அவ உடம்பு சூடு ஆறிக்கிட்டே இருந்துச்சு. என்னால அண்ணிகிட்ட வர முடியல. அவளாவது வரட்டும்னு அனுப்பினேன்.”

காவலர் வாசலில் தொண்டையைச் செருமினார். அண்ணியின் கணவர் ஜன்னல் பக்கம் போய் வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

அதிகாரி எழுதி முடித்து, நிமிர்ந்தார். “வயித்துல இருந்தத வெளிய சொல்லாம இருந்ததுக்காக நான் உன்மேல எதுவும் எழுதப்போறதில்ல. அது உன் உடம்பு, உன் பயம். பிறந்த பிறகு என்ன பண்ணினேங்கறதுதான் என் கேள்வி. கொல்லப் பாத்தான்னோ, தூக்கிப் போட்டான்னோ நான் எழுத மாட்டேன். உதவி கேட்டான்னு எழுதுவேன். மேல இருக்கறவங்க பாத்துக் கையெழுத்துப் போடணும், போடுவாங்கன்னுதான் நினைக்கறேன். குழந்தைகள் நல ஆபீசுலேர்ந்து ஒரு அம்மா கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வந்து வந்து பாப்பாங்க. முகம் சுளிக்காம கதவு திறங்க.”

“கதவு என்ன மேடம், காப்பியே போட்டுத் தரேன்” என்றாள் அண்ணி.

“குழந்தை?” என்றாள் எறும்பு. அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்குள் அவளுக்கு உதடு கோணிவிட்டது.

அதிகாரி வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். காவலர் நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

நான்காம் மாடியிலிருந்து நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தாள். லிஃப்ட் திறக்கும்போதே சத்தம் வந்துவிட்டது. வீல் வீல் என்று, வராந்தா முழுக்க எதிரொலிக்கும் அழுகை. அடுத்த வார்டுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன குரல் இது! என் லாரிக்கு ஹாரனே வேண்டாம் போலிருக்கு” என்றார் அண்ணியின் கணவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கையின் தலையணையைச் சரிசெய்தார். “நிமிர்ந்து உக்காரு. இப்படி சாஞ்சிருந்தா எப்படி வாங்குவே?”

“பார்சல் வந்துடுச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோடி” என்றாள் அண்ணி.

எறும்பு சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்று, இரண்டும் சரியாக வராமல், கையை நீட்டினாள். குழந்தை அவள் மார்பில் சாய்ந்தும் கத்தலை நிறுத்தவில்லை. நர்ஸ் சமாதானப்படுத்தப் போனாள்.

“விடுங்க சிஸ்டர், கத்தட்டும்” என்றாள் அண்ணி. அன்றைக்கு மேசையில் அவள் பார்த்தது வெறும் வாயைத்தான். இரைச்சலில் குரல் முழுசாகக் காதில் விழவில்லை. படுக்கையோரம் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இப்போது ஆற அமரக் கேட்டாள்.